உடை நம்முடையது, நடை யாருடையது?

போன மாதம் ஓர் இலக்கியச் சந்திப்பில் நான் நண்பர்களோடு செய்துகொண்டிருக்கும் வீடியோ கேமைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஒரு பெண்ணின் ஒரு நாள். அவ்வளவுதான் கேம். விடியுமுன் நிரைக்குப் போகிறாள், மரம் வெட்டுகிறாள், பால் எடுக்கிறாள், ஸ்டோருக்குச் சுமந்து போகிறாள். பேசி முடித்ததும் மூத்த எழுத்தாளர் ஒருவர் அன்போடு என் தோளில் கை போட்டார். “கதைய எங்ககிட்ட விட்டுடுங்க தம்பி. வசனம், பாத்திரப் படைப்பு எல்லாம் நாங்க எழுதித் தர்றோம். நடக்குறது, ஓடுறது, குதிக்கிறது எல்லாம் டெக்னிக்கல். அத நீங்க பாத்துக்குங்க.”

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன். திரும்பும் வழியில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஜாம் பிடித்து நின்றபோதுதான் பதில் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான். இது அந்தப் பதில்.

ஐயா, நீங்கள் ‘டெக்னிக்கல்’ என்று ஒதுக்கிய அந்த நடக்குறதுதான் கேமில் எழுத்து. நீங்கள் எழுதித் தருவதாகச் சொன்ன வசனம் பெரும்பாலும் அட்டைப்படம்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மனிதன் நடப்பதும் நடை, எழுத்தாளன் எழுதுவதும் நடை. ஒரு நாவலைப் பற்றிப் பேசும்போது “கதை எல்லாரும் சொல்ற கதைதான், ஆனா அந்த நடை இருக்கே” என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். கதைச்சுருக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நாவலைப் படித்துவிட்டேன் என்பவனை இதே சந்திப்புகளில் கிண்டல் செய்திருக்கிறோம். ஆனால் கேம் என்று வந்தவுடன் கதைச்சுருக்கம் மட்டும் கேட்கிறோம். நடையை எவனோ ஓர் இன்ஜினியரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

அந்த இன்ஜினியர் நான்தான். பகலில் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் கன்வேயர் ஓடுவதற்கும் நிற்பதற்கும் புரோகிராம் எழுதுகிறேன். இரவில் ஒரு பெண் நடப்பதற்கும் நிற்பதற்கும் எழுதுகிறேன். உள்ளே எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் திறந்து காட்டுகிறேன். பயப்பட வேண்டாம், கணிதம் இல்லை.

கேமில் ஒரு பாத்திரம் நடக்கிறது என்றால் உண்மையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது நகர்தல். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உங்கள் கதாநாயகி ஒரு மாத்திரை. பரசெட்டமால் கேப்சூல் மாதிரி நின்றுகொண்டிருக்கும் ஓர் உருண்டை உருவம். பட்டனை அழுத்தினால் அந்த மாத்திரை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று தரையில் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாவது அனிமேஷன். அந்த மாத்திரையின் மேல் போர்த்திய உடம்பு கையைக் காலை அசைக்கும். இரண்டும் தனித்தனி. ஒன்றுக்கு மற்றொன்று நடப்பதே தெரியாது. இரண்டையும் பேச வைப்பதுதான் ஸ்கிரிப்ட்.

பேச வைக்கத் தவறினால் என்ன ஆகும்? மாத்திரை வேகமாகப் போகும், கால் மெதுவாகப் போகும். பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போதே தரை அதன் கீழே நழுவும். ஐஸ் மேல் நடப்பது போல இருக்கும். மலிவான கேம்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் என்று தெரியாமலே “ஏதோ பொம்மை மாதிரி இருக்கு” என்று சொல்லியிருப்பீர்கள். சந்தி பிழை உள்ள வாக்கியத்தைப் படிக்கும்போது இலக்கணம் தெரியாதவனுக்கும் நாக்கு இடறுமே, அப்படி.

சரி, இரண்டில் யார் யாருக்குக் கட்டுப்படுவது? மாத்திரை போகிற வேகத்துக்குக் கால் ஓட வேண்டுமா, கால் வைக்கிற இடத்துக்கு மாத்திரை போக வேண்டுமா? டெக்னிக்கல் கேள்வி போலத் தெரிகிறது. நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. இதற்கு வந்த இரண்டு பெரிய பதில்களைப் பாருங்கள்.

1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முதல் பதிலைச் சொன்னது. அங்கே பட்டன்தான் ராஜா. வேகம் கூடினால் மாரியோவின் கால்கள் வேகமாகச் சுழலும், குறைந்தால் மெதுவாகச் சுழலும். அந்தரத்தில் இருக்கும்போதே திசையைத் திருப்பலாம், நிஜத்தில் எவனாலும் முடியாத காரியம். உடம்பு விருப்பத்துக்கு வேலைக்காரன். அந்த கேம் குழந்தைமையின் ஆனந்தத்தைத் தருகிறது என்றால் அதற்குக் காரணம் இளவரசியைக் காப்பாற்றும் கதை இல்லை. நினைத்தவுடன் உடம்பு கேட்கிறது, அதுதான்.

1989இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ நேர் எதிர். அதை எழுதிய ஜோர்டன் மெக்னர் 1985இல் தன் தம்பி டேவிட்டை ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடவும் தாவவும் ஏறவும் வைத்து வீடியோ எடுத்தார். அந்த வீடியோவை டிவியில் நிறுத்தி நிறுத்திப் புகைப்படம் எடுத்து, உருவத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து, ஒவ்வொரு ஃபிரேமாக ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார். தொலைந்துபோனதாக நினைத்த அதன் மூல நிரல் கிடைத்து 2012இல் பொதுவில் வந்தது. யாரும் படிக்கலாம். நானும் படித்தேன். அசைவுகளுக்கென்றே தனிப் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது. இந்த ஃபிரேமைக் காட்டு, இத்தனை புள்ளி முன்னே நகர், அடுத்த ஃபிரேமைக் காட்டு, இத்தனை புள்ளி நகர், பிறகு அந்த வரிக்குப் போ. அதாவது கால் வைத்த அளவுக்குத்தான் உடம்பு போகும். ஓடிக்கொண்டிருப்பவன் நினைத்த கணத்தில் நிற்க முடியாது, சறுக்கி அடி வைத்துத்தான் நிற்பான். தாவ வேண்டும் என்றால் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். அந்த கேமில் ஒவ்வொரு பள்ளமும் பயமாக இருப்பதற்கு இதுதான் காரணம். அங்கே உங்களுக்கு ஓர் உடம்பு இருக்கிறது, அந்த உடம்புக்கு எலும்பு இருக்கிறது, விழுந்தால் முறியும்.

இரண்டும் இளவரசியைக் காப்பாற்றும் கதைதான். ஐயா எழுதித் தருவதாகச் சொன்ன பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. மற்றதெல்லாம் வேறு.

இன்னொன்று சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 2001இல் வந்த ‘இகோ’. ஃபுமிட்டோ உவேடா உருவாக்கியது. ஒரு சிறுவன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டையிலிருந்து தப்பிக்கிறான். இருவருக்கும் பொது மொழி கிடையாது. கையைப் பிடிக்க ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவன் வேகமாக ஓடினால் அவள் தடுமாறிப் பின்னால் இழுபடுகிறாள். அவள் தோள் இழுபடுவதைப் பார்த்துவிட்டு நான் என் விரலைத் தளர்த்தினேன். யாரும் சொல்லவில்லை, ஒரு வரி வசனமும் வரவில்லை. 14 வயதில், கடன் வாங்கிய பிளேஸ்டேஷனில், ‘ஐயோ வலிக்குமே’ என்று தோன்றியது. அந்த இழுபடலை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அதை எழுத்து என்று சொல்ல நமக்கு என்ன தயக்கம்?

இப்போது நம் கதைக்கு வருகிறேன். என் குற்றமும் இங்கேதான் இருக்கிறது.

சின்னக் குழுக்கள் எல்லாம் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். மிக்சமோ என்று ஒரு தளம் இருக்கிறது. 2015இல் அடோபி வாங்கியது. இலவசம். உங்கள் பாத்திரத்தை ஏற்றினால் எலும்புக்கூட்டை அதுவே பொருத்தும், நடை, ஓட்டம், நடனம், சண்டை என்று என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பாத்திரத்துக்கு உடை விஷயத்தில் மட்டும் மூன்று வாரம் மண்டையை உடைத்தோம். கைலியின் பூ, முழுக்கைச் சட்டை, தலையில் கட்டிய துணி, நெற்றி விளக்கு, மங்கின் நிறம். பழைய புகைப்படங்களைத் தேடினோம். நடைக்கு எவ்வளவு நேரம் செலவழித்தோம்? நாலு நிமிடம். ‘வாக்கிங்’ என்று தேடி, முதலில் வந்ததை இழுத்துப் போட்டோம்.

தோளில் காண்டா வேண்டும், அதாவது கம்பின் இரண்டு பக்கமும் பால் வாளி. அதற்கும் குறுக்குவழி இருக்கிறது. இடுப்புக்கு மேலே ஓர் அனிமேஷன், இடுப்புக்குக் கீழே ஓர் அனிமேஷன் என்று பிரித்துவிடலாம். கீழே அதே நடை. மேலே கம்பைப் பிடித்த கை. வேலை முடிந்தது. ஸ்கிரீன்ஷாட்டில் பிரமாதமாக இருந்தது. போட்டவுடன் “நம்ம வரலாறு”, “கண்ணீர் வருது” என்றெல்லாம் பின்னூட்டம். நாங்களும் நம்பிவிட்டோம்.

பிறகு பாட்டியிடம் காட்டினேன். 76 வயது. கூலிம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் 14 வயதில் உளி பிடித்தவர். அந்த எஸ்டேட் இப்போது செம்பனை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தார். மூன்று நொடி இருக்கும்.

“யாருடா இவ? போலீஸ்காரியா?”

“இல்ல பாட்டி, பால் தூக்கிட்டுப் போறாங்க.”

“இப்படிப் போனா பாலு ஸ்டோருக்குப் போகாது. பாதி நிரையிலேயே கொட்டிரும். கிராணி கிட்ட ஏச்சு வாங்கணும்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று வாரம் தேடிய கைலிப் பூவை அவர் கவனிக்கவே இல்லை. இடுப்புக்குக் கீழே இருந்த முகம் தெரியாத ஒருவரின் கால்களைப் பார்த்தார். கையை வீசி, நெஞ்சை நிமிர்த்தி, சுமையே இல்லாமல் நடந்த ஓர் உடம்பு அது. அந்த உடம்புக்கு எங்கள் பாட்டியின் உடுப்பை மாட்டிவிட்டு வரலாறு என்று பெயர் வைத்திருந்தோம்.

இதை எங்கள் கேமின் குறை என்று மட்டும் பார்க்காதீர்கள். தமிழ் அடையாளம், மலேசிய அடையாளம் என்று சொல்லிக்கொண்டு வரும் டெமோக்களைப் பாருங்கள். கோலம் இருக்கும், கோபுரம் இருக்கும், வேட்டி இருக்கும், பின்னணியில் உறுமி இருக்கும். நடக்க விட்டுப் பாருங்கள். அதே நடை. பாட்டனும் பேத்தியும் அய்யனாரும் ஒரே நடை. வேட்டி கட்டியவன் படி ஏறும்போது ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடிக்க மாட்டான். உடையை மாற்றுவது சுலபம், பார்ப்பவர் கண்ணில் உடனே படும், மானியம் கேட்கும் விண்ணப்பத்தில் படமாகவும் ஒட்டலாம். நடையைப் படமாக ஒட்ட முடியாது.

உங்கள் பக்கமும் கொஞ்சம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்துக் கதைகள் நம்மிடம் ஏராளம். தண்டல் அடித்த அடி, கள்ளுக்கடை, லயத்து வறுமை, பிரட்டு. எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த கேமுக்காகத் தேடித் தேடிப் படித்தபோது நான் கேட்ட சாதாரணக் கேள்விகளுக்கு அவற்றில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. மரம் வெட்டும்போது எந்தக் கால் முன்னே? வாளி நிறைந்ததும் எப்படித் திரும்புவார்கள்? பள்ளத்தில் எப்படி இறங்குவார்கள்? நான் படித்தவற்றில் கண்ணீர் பக்கம் பக்கமாக இருந்தது, முழங்கால் இல்லை. அந்த முழங்காலைத் தெரிந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். அடுத்த தலைமுறைக்கு எங்களிடம் இருப்பது அசையாமல் நின்று எடுத்த புகைப்படங்கள்தான்.

அதனால் மெக்னர் செய்ததைச் செய்தோம். ஸ்டூடியோ இல்லை, மோஷன் கேப்சர் உடுப்பு இல்லை. கிள்ளானில் எங்கள் வீட்டு முன்வாசல். தரையில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக டேப் ஒட்டினேன். மாப் கம்பு, இரண்டு பெயின்ட் வாளி, பாதி பாதி தண்ணீர். தூக்கியது அம்மா. சின்ன வயதில் பாட்டிக்கு உதவியாக நிரைக்குப் போனவர். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஊன்றுகோலைக் காட்டிக் காட்டி டைரக்ஷன். நான் ஃபோனில் நொடிக்கு 60 ஃபிரேம். அடுத்த வீட்டு சீன அங்கிள் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தார்.

வெறும் கையோடு நடந்தபோது அம்மாவின் ஓர் எட்டு ஐந்து கோடு. வாளியோடு மூன்றரை. எட்டு சின்னதாகிறது, ஆனால் எண்ணிக்கை கூடுகிறது. கம்பு மேலும் கீழும் துள்ளும் தாளத்துக்குக் கால் போய்ச் சேருகிறது. முழங்கால் முழுதாக நிமிர்வதே இல்லை, அதனால் தலை ஏறி இறங்குவதில்லை, தண்ணீர் தளும்புவதில்லை. திரும்பும்போது தோளைத் திருப்பக் கூடாது. திருப்பினால் வாளி வெளியே வீசும். கால் முதலில் சின்ன வட்டம் போட வேண்டும், தோள் பின்னால் வரும். இதையெல்லாம் அம்மாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கே தெரியாது. காலுக்குத் தெரிந்திருந்தது.

மரம் வெட்டுவதற்கு நாங்கள் வைத்திருந்தது ஒரே ஒரு பட்டன். அழுத்தினால் கை அசையும், பால் வரும். பாட்டி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “கையாலயா வெட்டுவாங்க? காலால வெட்டணும்டா.” வாசலில் இருந்த மாமரத்தில் காட்டினார். உளியைப் பிடித்த கை உடம்போடு ஒட்டி அப்படியே இருக்கிறது. கால்தான் மரத்தைச் சுற்றிப் பின்னால் பின்னால் நகர்கிறது. இடது மேலிருந்து வலது கீழாக, சரிவு மாறாமல், பட்டை மெல்லிய சுருளாக விழும். கையை வீசி வெட்டினால் ஆழம் மாறும், மரத்தில் காயம் படும், காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும், அப்புறம் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது.

அன்றிரவு அந்தப் பட்டனை எடுத்துவிட்டேன். இப்போது எங்கள் கேமில் மரம் வெட்ட வேண்டுமென்றால் நீங்கள் அவள் காலைத்தான் நகர்த்த வேண்டும். கை கூடவே வரும். அவசரப்பட்டால் மரம் காயப்படும். ஒரு பட்டனைத் தூக்கிவிட்டு ஒரு ஸ்டிக்கை வைத்த இந்த மாற்றம் டெக்னிக்கலா, பாத்திரப் படைப்பா? ஐயா சொல்லட்டும்.

என் சக இன்ஜினியர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் சும்மா இல்லை. “முதல்ல மெக்கானிக்ஸ் முடிப்போம், அனிமேஷன் பாலிஷ்தானே, கடைசில பாத்துக்கலாம்” என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! யூனிட்டியில் புதிதாக இரண்டு அனிமேஷன்களைக் கோடு போட்டு இணைத்தால் ‘எக்ஸிட் டைம்’ என்ற பெட்டியில் டிக் ஏற்கெனவே இருக்கும். அதாவது இப்போது ஓடும் அசைவு பெரும்பகுதி முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும். பட்டனை அழுத்தியவன் காத்திருப்பான். பலர் அந்த டிக்கை எடுக்காமலே கேமை வெளியிடுகிறார்கள். நாமே தேர்வு செய்யாத நடை அது. கம்பெனிக்காரன் டிக் போட்டு வைத்த நடை.

சோதித்துப் பார்த்த நண்பர்கள் சொன்ன எதிர்வாதத்தையும் மறைக்கவில்லை. “என்ன லா, லேக் ஆகுது. திரும்பு திரும்புன்னா திரும்ப மாட்டேங்குது.” 2018இல் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ வந்தபோதும் இதே புகார். ஆர்தர் மார்கன் ஒவ்வொரு அலமாரியையும் திறந்து மெதுவாக எடுத்து மெதுவாகப் பையில் போடுவதைப் பார்த்துப் பலர் பொறுமை இழந்தார்கள். எனக்கும் பாதி கேமில் அலுத்தது, உண்மை. ஆனால் மறு வருடம் வந்த ‘டெத் ஸ்டிராண்டிங்’கில் முதுகில் அடுக்கிய பெட்டிகள் ஒரு பக்கம் சாய, இரண்டு விரலாலும் பட்டன்களைப் பிடித்துச் சமன் செய்து மலை இறங்கியபோது அலுப்பு வரவில்லை. இரண்டுமே கனம்தான். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று நாள்கணக்கில் யோசித்தேன். உடம்பு மெதுவாக வேலையை முடிக்கலாம், ஆனால் பதிலை உடனே தொடங்க வேண்டும். நொடியை 60 பங்காக்கினால் இரண்டு மூன்று பங்குக்குள் ஏதாவது ஒன்று அசைய வேண்டும். எங்கள் கேமில் திரும்பு என்றவுடன் அவள் பாதம் திரும்பிவிடுகிறது. தோளும் வாளியும்தான் தாமதம். அதை மாற்றியபின் யாரும் லேக் என்று சொல்லவில்லை. “கனமா இருக்கு” என்றார்கள்.

மிக்சமோவைத் தூக்கி எறியச் சொல்கிறேனா? இல்லை. கடைத்தெருவில் போய் வரும் ஆட்களுக்கு இன்னும் அதைத்தான் போட்டிருக்கிறோம். எங்களிடம் நாலு பேர்தான், எல்லாருக்கும் பகல் வேலை இருக்கிறது. ஆனால் கேமின் பெயரே அவள் பெயராக இருக்கும்போது, அவளை மட்டும் இரவல் காலில் நடக்க விட முடியாது. இதனால் டெமோவை ஒரு போட்டிக்கு அனுப்பும் கெடுவைத் தவறவிட்டோம். குழுவில் ஒருவன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

ஐயாவின் அழைப்பை நான் மறுக்கவில்லை. வாருங்கள், எழுதுங்கள். ஆனால் வசனத் தாளோடு வராதீர்கள். எங்களோடு முன்வாசலில் குந்துங்கள். அவள் வாளியை இறக்கி வைக்கும்போது முதலில் எது மடங்கும், முதுகா முழங்காலா என்று சொல்லுங்கள். கம்பை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றுவது எத்தனை எட்டுக்கு ஒருமுறை என்று யாராவது பாட்டியிடம் கேட்டு வாருங்கள். தவறாக எழுதினால் சண்டை போடுவோம், ஒரு பெயரடைக்குச் சண்டை போடுவது போல.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது முறையாகப் பாட்டியிடம் காட்டினேன். இந்த முறை மூன்று நொடியில் வாயைத் திறக்கவில்லை. நிரை முடியும் வரை பார்த்தார். அவள் ஸ்டோர் வாசலில் வாளியை இறக்கினாள்.

“நடை சரிடா,” என்றார். “ஆனா வாளி காலியா இருக்கு.”

“நிறைய பால் இருக்கு பாட்டி. இங்க பாருங்க, வெள்ளையா.”

“உள்ள இருக்கு. கம்புல இல்ல. நெறஞ்ச வாளின்னா கம்பு அழும்.”

கம்பின் வளைவுக்கு நான் கொடுத்திருந்த எண் 0.2. அதை 0.35 ஆக்கி மீண்டும் ஓட விட்டேன். பாட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம்” என்றார்.